ஏப்ரல், மே மாதங்களில் ஆர்வியில் ஸ்கீ பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் எங்கள் நண்பர் வட்டத்தில், மார்ச் பிறந்ததும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் என் வாட்ஸாப்பில் வந்து விழும். சீசன் முடியும் நேரத்தில் ஆர்வி எடுத்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் சியரா மலைத்தொடருக்குக் கிழக்குப் பக்கம் பனியில் ஸ்கீ சறுக்கப் போவது எங்கள் குடும்பத்துக்குப் பல வருட வழக்கம், அதனால் கேட்கிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியைத்தான் ஆர்வி என்கிறோம். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. முதல் முறை போகிறவர்கள் வரிசையாகப் படியுங்கள்.

1. ஏப்ரல்ல பனியெல்லாம் உருகிப் போயிருக்குமே, அப்ப போய் என்ன சறுக்கறது?

உருகியிருக்காது. சியரா மலைகளில் பனி தன் உச்ச அளவைத் தொடுவதே பெரும்பாலும் ஏப்ரல் முதல் தேதி வாக்கில்தான். கலிஃபோர்னியாவின் நீர்வளத் துறை அந்த வருடத் தண்ணீர்க் கணக்குக்கு ஏப்ரல் 1 அளவைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. கீழே ஊரில் மரமெல்லாம் பூத்துவிட்டதால் மேலேயும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

கிழக்கு சியராவில் நாங்கள் சறுக்கப் போகும் மாமத் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23 சீசனில் அங்கே மெயின் லாட்ஜ் என்ற முக்கிய வாசல் பகுதியில் 715 இஞ்ச் பனி விழுந்தது. சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட் ஆகஸ்ட் 6 வரை ஓடியது. எல்லா வருடமும் அப்படிக் கிடைக்காது என்றாலும், மே மாதக் கடைசி வரை அங்கே சறுக்குவது சாதாரண விஷயம். பள்ளிகளின் ஸ்பிரிங் பிரேக் முடிந்த பிறகு கூட்டம் சட்டென்று குறையும். பகல் நீளம், வெயில் இதம், லிஃப்ட்டில் வரிசை கிடையாது. எனக்கு ஜனவரியை விட ஏப்ரல் மூன்றாவது வாரம்தான் பிடிக்கும்.

2. எந்த மலை எது வரைக்கும் திறந்திருக்கும்?

எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவற்றைச் சொல்கிறேன். லேக் டாஹோ சுற்றுவட்டாரத்தில் பல மலைகள் ஏப்ரலிலேயே மூடிவிடும். பாலிசேட்ஸ் டாஹோ மட்டும் நல்ல வருடங்களில் மே கடைசி வரை இழுக்கும். நெவாடாவின் ரீனோ நகருக்கு மேலே இருக்கும் மவுண்ட் ரோஸின் அடிவாரமே 8,260 அடி என்பதால் அங்கே பனி நன்றாகத் தாங்கும். மாமத்தின் உச்சி 11,053 அடி. அங்கேயும் எல்லா வாசலும் கடைசி வரை இருக்காது. உயரம் குறைந்த ஈகிள் லாட்ஜ், கேன்யன் லாட்ஜ் பக்கங்கள் முதலில் மூடும்; கடைசி வாரங்களில் மெயின் லாட்ஜ் மட்டும்தான்.

ஒன்றை மனதில் வையுங்கள்: பனி தீர்ந்ததால் மூடும் மலைகள் குறைவு. ஆள் வரத்து குறைவதாலும், சீசன் ஊழியர்கள் ஊர் திரும்புவதாலும்தான் பெரும்பாலும் மூடுகிறார்கள். அதனால் முதலில் அறிவித்த தேதி பனி நிறைய இருந்தால் தள்ளிப்போகலாம், கடைசி நேரத்தில் முன்னாலும் வரலாம்.

3. அப்ப தேதியை எப்ப ஃபிக்ஸ் பண்றது? லீவ் போடணுமே!

லீவை முதலில் போடுங்கள், போகும் மலையைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். இந்தப் பயணத்தில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். ஒரு வாரம் கையில் இருந்தால் போதும். ஸ்பிரிங் பிரேக் வாரங்களில் வண்டி கிடைப்பது கஷ்டம் என்பதால் ஆர்வியை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். முகாம் இடத்தை முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் பதியுங்கள். லிஃப்ட் டிக்கெட்டை ஓரிரு நாள் முன்பு ஆன்லைனில் வாங்குங்கள். கவுன்டரில் வாங்குவதை விட அது மலிவு, வானிலையும் அதற்குள் தெளிவாகியிருக்கும்.

எங்கள் வழக்கம் இது. வண்டியை எடுத்து இன்டர்ஸ்டேட் 80 வழியாக ரீனோ வரை போய்விடுவோம். அங்கே ராத்திரி தங்கி, நாலு நாள் வானிலையைப் பார்த்து முடிவு செய்வோம். அங்கிருந்து தெற்கே 395 நெடுஞ்சாலையில் மாமத் சுமார் 170 மைல். மேற்கே திரும்பினால் டாஹோ மலைகள் ஒரு மணி நேரம். எல்லாம் சரியாக அமைந்து நாளும் நிறைய இருந்தால் கிழக்கே யூட்டா, சுமார் 520 மைல். ஒரே ஊரிலிருந்து மூன்று வழியும் திறந்திருக்கும்.

4. வானிலையில எதைப் பார்க்கணும்? எத்தனை இஞ்ச் ஸ்னோ வரும்னா?

இந்தக் காலத்தில் அது இரண்டாம்பட்சம். மலையின் நடு உயரத்தில் இரவு வெப்பநிலை தண்ணீர் உறையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பகலில் உருகிய பனி இரவில் உறைய வேண்டும். உருகி, உறைந்து, மறுபடி உருகி என்று பல நாள் ஆனால் பனித்துகள்கள் சேர்ந்து கல்லுப்பு மாதிரி உருண்டைப் பரல்களாகிவிடும். இதற்குக் கார்ன் ஸ்னோ என்று பெயர். சீசன் கடைசியில் போவதே இதற்காகத்தான்.

ஊர்ப் பெயரைப் போட்டு வானிலை பார்க்காதீர்கள். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவைத் தளத்தில் வரைபடத்தில் மலையின் மேலேயே புள்ளி வைத்தால் அந்த உயரத்துக்கான கணிப்பு வரும். மாமத் ஊர் 7,880 அடி, உச்சி 11,053 அடி. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. காற்றையும் பாருங்கள். சியராவில் வசந்த காலக் காற்று பலமாக வீசினால் உச்சிக்குப் போகும் கொண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி) நின்றுவிடும்.

5. போன கோடையில யோசெமிட்டி வழியா மாமத் போனோம். இப்பவும் அப்படியே போலாமா?

முடியாது. யோசெமிட்டிக்குள் போகும் டியோகா கணவாய் 9,900 அடிக்கும் மேலே இருக்கிறது; குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். 2023-இல் ஜூலை 22 அன்றுதான் திறந்தார்கள். 108 நெடுஞ்சாலையில் உள்ள சொனோரா கணவாயும் ஏப்ரலில் பெரும்பாலும் மூடியிருக்கும்.

ஆர்விக்கு நான் சொல்வது 80 வழியாக ரீனோ, அங்கிருந்து 395. தூரம் கூடுதல்தான். ஆனால் சாலை அகலம், பெட்ரோல் பங்க் நிறைய, பனி விழுந்தால் முதலில் தள்ளித் திறப்பதும் அந்தச் சாலையைத்தான். சியரா முழுவதும் புயல் என்றால் தெற்கே சுற்றி, பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து 58 நெடுஞ்சாலை வழியாக 395-ஐப் பிடிக்கலாம். ரொம்ப நீளம், ஆனால் உயரமான கணவாய் ஏதும் இல்லை.

6. ஆர்வி ஓட்ட தனி லைசென்ஸ் வேணுமா? எந்த சைஸ் எடுக்கறது?

கலிஃபோர்னியாவில் கார் ஓட்டும் சாதாரண கிளாஸ் சி உரிமமே 40 அடி வரையிலான மோட்டார்ஹோமுக்குப் போதும். ஆனால் 40 அடி வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்பக்கம் டிரைவர் தலைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி 25 அடி வண்டி நாலு பேருக்குச் சரி. இரண்டு பேர் என்றால் வேன் அளவில் இருப்பதை எடுங்கள், பார்க்கிங் கவலை பாதி தீர்ந்தது. 25 அடி வண்டி ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் கொடுக்கும் என்று எரிபொருள் கணக்குப் போடுங்கள்.

இரண்டு குடும்பம் போவதாக இருந்தால் ஒரு ஆர்வி, கூடவே ஸ்னோ டயர் போட்ட ஒரு ஆல் வீல் டிரைவ் கார். இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. வீடு ஒரு இடத்தில் நிற்கும்; காலையில் கார் மட்டும் மலையேறும்.

7. ரிசார்ட் பார்க்கிங்லயே ராத்திரி தூங்கிட்டா காலையில நேரா லிஃப்ட்தானே?

ஆசை எல்லோருக்கும் உண்டு. பல ரிசார்ட்டுகளில் இரவு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் இரவில்தான் பனி அள்ளும் வண்டிகள் அந்த இடத்தைச் சுத்தம் செய்யும். அனுமதிக்கும் இடங்களும் உண்டு, ஆனால் விதி வருடத்துக்கு வருடம் மாறும், போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் நான் அங்கே தூங்க மாட்டேன். 4-ஆம் கேள்வியில் சொன்னேனே, இரவில் உறைந்தால்தான் நல்ல பனி என்று. அதே உறைவு வண்டியின் தண்ணீர்க் குழாயையும் பிடிக்கும், பேட்டரியையும் பிடிக்கும். மலைக்கு வேண்டியது வண்டிக்கு ஆகாது. அதனால் சறுக்கு மேலே, தூக்கம் கீழே. மாமத்திலிருந்து 395-இல் தெற்கே 40 மைல் போனால் பிஷப் என்ற சிறிய ஊர், உயரம் சுமார் 4,150 அடி. மேலே ஜாக்கெட் போட்டு நின்றவர்கள் ஒரு மணி நேரத்தில் அங்கே செருப்போடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆர்வி பார்க்குகள் இருக்கின்றன. ஊருக்கு வடக்கே பிளெசன்ட் வேலி பிட் என்று அரசு நிலத்தில் ஒரு முகாம், நவம்பரிலிருந்து மே தொடக்கம் வரை திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடையாது, வாடகை குறைவு. அங்கே விடியற்காலையில் கதவைத் திறந்தால் மேற்கே சியரா சுவர் முழுக்க இளஞ்சிவப்பாக எரியும். அதைப் பார்ப்பதற்கே பிள்ளைகளை எழுப்பிவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் கடைசி சனிக்கிழமை கிழக்கு சியராவில் டிரவுட் மீன்பிடி சீசன் தொடங்கும் நாள். அந்த வார இறுதியில் பிஷப்பில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

8. தினமும் 40 மைல் ஏறி இறங்கணுமா? வண்டி தாங்குமா?

தாங்கும். பிஷப்புக்கும் மாமத்துக்கும் நடுவில் ஷெர்வின் கிரேடு என்று நீண்ட ஏற்றம், 7,000 அடி வரை போகும். சாலை அகலமானது, ஒவ்வொரு திசைக்கும் இரண்டு லேன் இருக்கிறது. ஏறும்போது வலது ஓரமாக நிதானமாகப் போங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினையே பிடிக்க விடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். கார் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது (6-ஆம் பதில்).

9. வாடகை ஆர்வில தண்ணி உறைஞ்சு பைப் வெடிச்சா யார் பொறுப்பு?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் நீங்கள்தான். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். தண்ணீர் அமைப்பு திறந்திருக்கிறதா, இல்லை குளிர்காலத்துக்காக வடித்துப் பூட்டி வைத்திருக்கிறார்களா? டேங்குகளுக்கு அடியில் சூடேற்றும் பட்டை இருக்கிறதா? பூட்டிக் கொடுத்தால் குழாயில் தண்ணீர் வராது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், கழிப்பறைக்கு ஆர்வி கடையில் கிடைக்கும், உறையாமல் தடுக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம். புரொபிலீன் கிளைகோல் கலந்தது என்று போட்டிருப்பதையே வாங்குங்கள், கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது விஷம்.

தண்ணீர் திறந்திருந்தால்: வெளியே குழாயில் மாட்டிய ஹோஸை இரவில் அப்படியே விடாதீர்கள். ஒரு முறை மாமத் ஊருக்குள் தங்கி, களைப்பில் கழற்றாமல் படுத்துவிட்டேன். காலையில் இருபத்தைந்து அடி ஹோஸ் வளையாத கம்பாகக் கிடந்தது. இணைப்பு பூட்டிக்கொண்டு கழலவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றி ஊற்றி, அது விடுவதற்குள் மணி ஒன்பதரை. அன்றைக்கு இருந்த அருமையான பனியில் பாதி போயிற்று. மாலையிலேயே உள் டேங்கை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி வடித்துச் சுருட்டி வைத்துவிடுங்கள். சிங்க் அடியில் இருக்கும் அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வையுங்கள், உள்சூடு குழாய் வரை போகட்டும். கழிவு டேங்கின் வால்வை மூடியே வைத்து, நிறைந்த பிறகு ஒரே தடவையாகத் திறந்து விடுங்கள்.

10. ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுமா?

கேஸ் போதும், பேட்டரிதான் சிக்கல். ஃபர்னஸ் ப்ரொப்பேனில் எரிந்தாலும் சூட்டைத் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில்தான் சுற்றுகிறது. ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 35 முதல் 40 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணி ஈய-அமில (லெட்-ஆசிட்) பேட்டரியில் பாதிதான் பத்திரமாக எடுக்கலாம், குளிரில் அதுவும் குறையும். ஆக, மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஒரு இரவு ஓடும். அடுத்த இரவுக்குள் ஜெனரேட்டரோ, வண்டி ஓட்டமோ சார்ஜ் ஏற்றியாக வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறாது. ஜெனரேட்டரும் உயரத்தில் திணறும்.

கேஸ் கணக்கு: ஒரு கேலன் ப்ரொப்பேனில் சுமார் 91,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு) இருக்கிறது. மணிக்கு 30,000 பிடியூ எரிக்கும் ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் மூன்று மணி நேரம். கீழே பிஷப்பில் தூங்கினால் இரவுக்கு ஒரு கேலன் கூட ஆகாது. அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றாதீர்கள், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். வண்டியை எடுக்கும்போதே அந்த வாயுவுக்கான அலாரத்தை அழுத்திச் சோதித்துப் பாருங்கள். மேல் ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தால் சுவரெல்லாம் வேர்க்காது.

11. ஏப்ரல்ல செயின் வேணுமா என்ன?

வேண்டிவரும். பனிச் சாலையில் வழுக்காமல் இருக்க டயரில் கட்டும் சங்கிலிதான் செயின். மே மாதத்திலும் புயல் வந்து பார்த்திருக்கிறேன். கலிஃபோர்னியாவில் செயின் விதிக்கு மூன்று நிலை உண்டு; நமக்கு முக்கியம் கடைசி இரண்டு. ஆர்-2 என்று பலகை வைத்தால், நாலு சக்கரத்திலும் ஸ்னோ டயர் போட்ட நாலு சக்கர இயக்க வண்டிகளைத் தவிர எல்லோரும் செயின் கட்ட வேண்டும். ஆர்-3 என்றால் எல்லோருமே. ஆனால் பல வாடகை நிறுவனங்கள் ஆர்வியில் செயின் கட்டவே கூடாது என்கின்றன. சாலை கட்டு என்கிறது, ஒப்பந்தம் கட்டாதே என்கிறது. அதற்கு ஒரே வழி, அந்த நாள் வண்டியை எடுக்காமல் இருப்பது. அதனால்தான் இரண்டு இரவு மட்டும் பதியச் சொன்னேன்.

12. காலையில எத்தனை மணிக்கு மலையில இருக்கணும்?

எட்டு மணிக்கு லிஃப்ட்டில் ஏறினால் பனி சிமென்ட்டு போல இருக்கும். ஸ்கீயின் விளிம்பு கரகரவென்று தேய்க்கும், பல் கூசும். சூரியன் முதலில் படும் கிழக்குச் சரிவு ஒன்பதரை, பத்து வாக்கில் மேலே ஒரு இஞ்ச் மட்டும் இளகும். அடியில் கெட்டி, மேலே ஈர ரவை. அந்த நேரத்தில் ஸ்கீயைத் திருப்பினால் சத்தமே இருக்காது, ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும். எவ்வளவு சுமாராகச் சறுக்குகிறவரையும் அந்தப் பனி நன்றாகச் சறுக்க வைக்கும். ஒரு சரிவில் அது ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம்தான் நீடிக்கும். அப்புறம் கணுக்கால் வரை புதையும் சேறு.

ஆகவே சூரியனோடு நகருங்கள்: முதலில் கிழக்கு, அப்புறம் தெற்கு, பிறகு மேற்கு, கடைசியில் உயரமான வடக்குச் சரிவு. ஒரு மணிக்கு நிறுத்திவிடுங்கள். கனத்த ஈரப்பனி திடீரென்று ஸ்கீயைப் பிடித்து நிறுத்தும், முழங்கால் போவது அந்த நேரத்தில்தான். முழுநாள் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாயிற்றே என்று சாயங்காலம் வரை நிற்காதீர்கள்.

13. ராத்திரி 30 டிகிரின்னு போட்டிருந்தான், காலையில பார்த்தா சேறு. ஏன்?

மேகம். பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுத்தான் உறைகிறது. வானம் தெளிவாக, காற்று உலர்ந்து இருந்தால் 34, 35 டிகிரியில்கூட மேலே ஓடு கட்டும். மேகம் போர்வை மாதிரி மூடிவிட்டால் 30 டிகிரியிலும் சரியாக உறையாது. 4-ஆம் பதிலில் வெப்பநிலை என்று சொன்னதோடு இரவு மேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு இரவு தொடர்ந்து உறையவில்லை என்றால் மலையை விட்டுவிடுங்கள். பனி உள்ளேயே நனைந்து செங்குத்தான சரிவுகளில் தானாக நழுவும். அந்த நாளில் நாங்கள் மோனோ ஏரிக்கோ, ஹாட் கிரீக்குக்கோ போவோம். ஹாட் கிரீக்கில் நீர் கொதிப்பதைப் பார்க்கத்தான் முடியும், இறங்கக் கூடாது. தெற்கே போனால் மான்சனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம். என் மகள் அங்கே கல்லறைத் தூணின் முன் நின்று கேட்ட கேள்விகளுக்கு வீடு திரும்பும் வரை பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

14. நாங்க இதுவரை ஸ்கீயே போட்டதில்ல. முதல் தடவை இப்ப போலாமா?

போகலாம், நல்ல காலம்தான். குளிரில் விரல் மரத்துப்போகாது, விழுந்தாலும் மெத்தென்று இருக்கும். பத்து மணிக்குத் தொடங்கும் வகுப்பை எடுங்கள். எட்டு மணிக் கெட்டிப் பனியில் புதியவர் நின்றால் பயம் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டார். சீசன் கடைசி வாரங்களில் பயிற்சி வகுப்புகளும் கற்றுக்கொள்ளும் சரிவுகளும் மலை மூடுவதற்கு முன்னாலேயே மூடிவிடும், அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வாட்டர்ப்ரூஃப் பேன்ட் கட்டாயம். ஜீன்ஸ் அரை மணியில் நனைந்துவிடும்.

வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். பனி வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். முகவாயின் அடிப்பக்கம், காது மடல், மூக்குத் துவாரத்தின் விளிம்பு எல்லாம் பொசுங்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வட்டத்திலும் உண்டு. ஆகும். சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

15. சீசன் பாஸ் வாங்கணுமா, டிக்கெட் போதுமா?

இரண்டு நாளுக்கு டிக்கெட் போதும். அதற்கு மேல் என்றால், அடுத்த சீசன் பாஸ் வசந்தத்தில் விற்பனைக்கு வரும்போது பாருங்கள். சில மலைகள் அதை வாங்கினவுடனே இந்த சீசனின் மீதி நாட்களையும் சறுக்க விடுகின்றன. அடுத்த குளிர்காலத்திலும் போவீர்கள் என்றால் இதுதான் லாபம். மாமத், பாலிசேட்ஸ், யூட்டாவின் ஸ்னோபர்ட் ஆகியவை ஐகான் என்ற பல மலைகளுக்கான கூட்டுப் பாஸில். டாஹோவின் ஹெவன்லி, நார்த்ஸ்டார், கிர்க்வுட் எபிக் என்ற இன்னொரு கூட்டுப் பாஸில். கிளை பிரியும் பயணம் என்பதால் எந்தப் பாஸ் உங்கள் மூன்று வழிகளில் அதிகமாக ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

16. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. கூட்டிட்டு வரலாமா?

வரட்டும். இதற்குத்தான் ஆர்வி ஓட்டல் அறையை விட நல்லது. அவர்கள் சாய்ந்துகொள்ள, கழிப்பறை போக எல்லாம் கையருகே இருக்கும். கவனிக்க வேண்டியது உயரம். நேராக 9,000 அடியில் கொண்டுபோய் இறக்காதீர்கள். இரண்டு இரவு பிஷப்பிலோ ரீனோவிலோ தங்கிவிட்டு மெதுவாக ஏற்றுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். தலைவலி, வாந்தி வந்தால் விவாதமே வேண்டாம், கீழே இறங்கிவிடுங்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். உடம்பு ஒத்துழைத்தால், மாமத்தில் சறுக்காதவர்களும் கொண்டோலாவில் உச்சிக்குப் போகலாம். என் அம்மா அங்கே இரண்டு கையிலும் பனியை அள்ளிக்கொண்டு நின்ற படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

17. சாப்பாடு? அரிசி வேகவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்களே.

உண்மைதான். 9,000 அடியில் தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் கேஸ்தான் தீரும். மூன்று லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள், வீட்டில் வைப்பதை விட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். இட்லி மாவை வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துவந்துவிடுங்கள், குளிர்ந்த வண்டிக்குள் பொங்கவே பொங்காது. காலையில் தோசை, மலையில் மதியத்துக்குப் புளியோதரை, திரும்பி வந்ததும் ரசம். சமைக்கச் சோம்பலான நாளில் பிஷப்பின் எரிக் ஷாட்ஸ் பேக்கரியில் ஷீப்ஹெர்டர் ரொட்டி வாங்கிக்கொள்வோம்.

18. யூட்டா, கொலராடோவுக்கு இதே மாதிரி போனா?

முறை அதேதான், மேலே சறுக்கு, கீழே தூக்கம். யூட்டாவில் சால்ட் லேக் சிட்டியில் தங்கி லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஏறினால் ஆல்டா, ஸ்னோபர்ட் இரண்டும் இருக்கின்றன. ஆல்டாவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை. ஸ்னோபர்ட் பல வருடங்களில் மே வரை ஓடும். அந்தச் சாலை செங்குத்து, பனிச்சரிவு அபாயத்தால் அடிக்கடி மூடுவார்கள். ஆர்வியைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள். நகரத்தின் குடிநீர் அங்கிருந்து வருவதால் நாய்களுக்கும் அங்கே தடை, நாயோடு பயணம் செய்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொலராடோவில் கடைசி வரை நிற்பது அரபஹோ பேசின். அடிவாரம் 10,780 அடி, ஜூன் வரை ஓடிய வருடங்கள் பல. இன்டர்ஸ்டேட் 70-இன் மலைப்பகுதியில் மே 31 வரை பனிச் சாலைக்கான டயர் விதி அமலில் இருக்கும். தென்மேற்குப் பாலைவனத்திலிருந்து வரும் செம்புழுதி பனிமேல் படிந்தால் வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருக்கிவிடும், அந்த வருடங்களில் ஒரு வாரம் முந்திக்கொள்ளுங்கள்.

19. லிஃப்ட் மூடினப்புறமும் பனி இருக்கே. நடந்து ஏறிச் சறுக்கலாமா?

பயிற்சி இல்லாமல் வேண்டாம். மலை மூடிவிட்டால் காவல் பேட்ரோல் கிடையாது, வெடிவைத்துப் பனிச்சரிவை முன்கூட்டியே இறக்கிவிடும் வேலையும் நின்றுவிடும். பல ரிசார்ட்டுகள் ஏறவே தடை போடுகின்றன; இரவில் பனி சமன்செய்யும் வண்டிகளின் இழுகம்பி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. பனிச்சரிவுப் பயிற்சி முடித்து, பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவி), மண்வெட்டி, துருவுகோல் வைத்திருந்து, துணையும் இருக்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தின் உதவி தேவைப்படாது.

20. கிளம்பின ரெண்டாம் நாளே புயல்னு சொல்லிட்டா? மொத்தமும் வேஸ்ட்தானா?

இல்லை. முதலில் காற்றைப் பாருங்கள், பனியை விட ஆர்விக்கு அதுதான் எதிரி. ரீனோவுக்கும் கார்சன் சிட்டிக்கும் நடுவில் வாஷோ பள்ளத்தாக்கில் காற்று அதிகமானால் உயரமான வண்டிகளுக்குத் தடை போட்டுவிடுவார்கள். பிஷப் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலும் வண்டியைத் தள்ளிவிடும் காற்று வரும். எச்சரிக்கை வந்தால் காற்று வருவதற்கு முன்னால் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கே போய் நிறுத்திவிட்டு அசையாமல் இருங்கள்.

ஒரு வருடம் ரீனோவில் இருக்கும்போது இரண்டு நாள் புயல் என்றார்கள். அதற்கு முந்தின நாள் மதியத்துக்குள் பிஷப்புக்கு இறங்கிவிட்டோம். இரவெல்லாம் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. அடுத்த நாள் முழுக்க உள்ளேயே சீட்டுக்கட்டும் குக்கர் சாதமும். மூன்றாம் நாள் விடியலில் ஷெர்வின் கிரேடு மேலே வெயில் அடித்தது, 395-ஐத் தள்ளித் திறந்திருந்தார்கள். செயின் பலகை எடுத்துவிட்டார்கள் என்று சாலைத் துறை எண்ணில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வண்டியைக் கிளப்பினோம். பத்தரைக்கு மெயின் லாட்ஜ். கார் பார்க்கிங்கில் பாதி காலி, மேலே பதினெட்டு இஞ்ச் புதுப் பனி. ஏப்ரல் 20-க்கு மேல்!